உதவிக்காரி வருவதற்கு முன்

இங்கிலாந்தில், லங்காஷயரின் அந்தத் தெருவில் "கொஞ்சம் கை கொடேன்" என்று கேட்பதில் யாருக்கும் கூச்சமில்லை. கரி மூட்டையை உள்ளே இழுக்க, ஈரப் போர்வையைப் பிழிய, பிள்ளையை அரைமணி பார்த்துக்கொள்ள என்று கதவுக்குக் கதவு நாளெல்லாம் கேட்பார்கள். ஆனால் "உதவி" என்கிற சொல் வேறு. அது நகராட்சியிலிருந்து வருவது. ஒரு வீட்டுக்கு அது வந்துவிட்டால், அந்த வீட்டுக்காரி இனித் தன் வீட்டைத் தானே நடத்த லாயக்கில்லாதவள் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும். ஊர் வாயை யார் மூடுவது?

அந்தச் சொல்தான் ஐவி க்ளெக்கின் உத்தியோகப் பெயர். அவள் வேலை பார்த்த நெசவு மில்லை மூடியபோது ஐம்பதை நெருங்கியிருந்தாள். நகராட்சியில் பச்சை ஏப்ரன் ஒன்றைக் கொடுத்து, "இனி நீ வீட்டு உதவி, போய் வயதானவர்களுக்குக் கூட்டிப் பெருக்கு" என்றார்கள். போனாள். பெரும்பாலான வீடுகளில் குனிந்த முதுகு நிமிராத வேலை. மிசஸ் ஹேவர்த் வீட்டில் மட்டும் வேலையே இல்லை.

எல்லன் ஹேவர்த்துக்கு எண்பது தாண்டிவிட்டது. புருஷன் போய்ப் பல காலம், பிள்ளை கிடையாது. இடுப்பும் முட்டியும் ஒன்றோடொன்று சண்டை போடும். டாக்டர் வற்புறுத்தித்தான் உதவிக்குச் சம்மதித்தாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு: பச்சை ஏப்ரன் தெருவுக்குத் தெரியக்கூடாது. அதனால் ஐவி கோடை வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அந்த வாசலில் போய் நிற்பாள்.

உள்ளே போனால் கணப்பு அடுப்பில் சாம்பல் அள்ளியாகியிருக்கும். தரை துடைத்தாகியிருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு கரண்டிகூடக் கிடக்காது. உதவிக்காரி வந்து அழுக்கைப் பார்த்துவிடக் கூடாதே என்று கிழவி விடியும் முன்பே எழுந்து, நாற்காலியைப் பிடித்துப் பிடித்து அத்தனையையும் முடித்துவிட்டு, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நான் எதுக்குத்தான் வர்றேன், மிசஸ் ஹேவர்த்?"

"டீ குடிக்க. உக்காரு கண்ணு. நின்னா விருந்தாளி மாதிரி இல்ல, வேலைக்காரி மாதிரி இருக்கு."

"நான் வேலைக்காரிதான்."

"என் வீட்ல இல்ல."

இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஐவியும் முதலில் சிரித்தாள். பிறகு காரணம் தெரிந்தது. ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்து, அழகான பெயரும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கதியற்றவர்களைக் கொண்டுபோய் அடைத்த கஞ்சித்தொட்டி அதே கட்டடம்தான். எல்லனின் அம்மா அங்கேதான் செத்தாள். 'மேலே போவது' என்றால் அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். எல்லனுக்குப் பயம் சாவைப் பற்றியல்ல, மேலே போவதைப் பற்றி. வீடு அழுக்காகக் கிடப்பதைப் பார்த்தால் அங்கேதான் அனுப்புவார்கள் என்று நம்பினாள்.

வசந்தம் பிறக்கும் சமயத்தில் நகராட்சி மேற்பார்வையாளர் மிஸ் லாமண்ட் வந்தாள். நல்ல பெண்தான், ஆனால் தெற்கத்திக்காரி, இந்த மில் ஊர் வழக்கம் தெரியாது. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். எல்லன் அவள் முதுகுக்குப் பின்னால் ஐவியைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தாள்: "இவ எப்ப கெளம்புவா?" எல்லனும் அந்தக் காலத்தில் மில்லில் தறி ஓட்டியவள்தான். தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் நெசவுக்காரிகள் எல்லாரும் உதட்டாலேயே பேசிப் பழகியவர்கள். ஐவியும் உதட்டாலேயே பதில் சொன்னாள்: "சும்மா இருங்க, மாட்டிக்குவோம்."

மிஸ் லாமண்ட் வாசலில் ஐவியைத் தனியே நிறுத்தினாள்.

"வீடு கண்ணாடி மாதிரி இருக்கே. இவங்களுக்கு உதவி எதுக்கு? உண்மையிலேயே கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருக்காங்க. இல்ல, இவங்களால முடியலன்னா மேல ஒரு இடம் பாக்கலாம். அடுத்த மாசம் திரும்ப வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்."

ஐவியின் நிலை இருதலைக் கொள்ளி எறும்புதான். முடியும் என்றால் உதவி நின்றுபோகும். வாரத்தில் கிழவியை எட்டிப் பார்க்கும் ஒரே ஆளும் போய்விடும். முடியவில்லை என்றால் மேலே. அன்றிரவு யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுமுறை போனபோது சொல்லியும் விட்டாள்.

"அந்தம்மா வர்ற அன்னிக்கு மட்டும் வீட்டைக் கொஞ்சம் அழுக்கா வைங்க."

எல்லன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அழுக்காவா?"

"கொஞ்சமா. உதவி வேணும்னு தெரியற அளவுக்கு."

"எவ்வளவு அழுக்கு?"

"தொட்டியில நாலு பாத்திரம். கணப்புல சாம்பல். அவ்வளவுதான். அதுக்கு மேல போனா மேல அனுப்பிடுவாங்க."

"கல்யாணமான நாள்லேருந்து என் வீடு சாம்பலோட விடிஞ்சதில்ல தெரியுமா?"

"ஒரு நாள் கூத்துதானே."

"நீ சொல்றதுக்காகச் செய்றேன்," என்றாள் எல்லன். "வேற எவளாவது சொல்லியிருந்தா அடுப்புக் கம்பியால அடிச்சிருப்பேன்."

மிஸ் லாமண்ட் வரவிருந்த நாள் காலையில், முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஐவி போனாள். கதவு தாழிட்டிருக்கவில்லை. கூப்பிட்டாள், பதிலில்லை. முன்னறையில், ஜன்னலுக்கு அடியில், எல்லன் தரையில் கிடந்தாள். பக்கத்தில் சாய்ந்த ஸ்டூல். ஜன்னல் மொட்டையாக இருந்தது. அதன் வலைத்திரை வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். தொட்டியில் பாத்திரம் இருந்தது, கணப்பில் சாம்பல் இருந்தது. ஆனால் ஜன்னல் திரை தெருவைப் பார்த்தது அல்லவா? உள்ளே அழுக்காக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துப் பொறுத்தவளுக்கு, தெருவுக்குத் தெரிவதை அழுக்காக விட மனம் வரவில்லை. முந்தின நாள் மாலை ஏறித் திரையைக் கழற்றி ஊறவைத்துவிட்டு, திரைக்கம்பியைத் துடைக்க இன்னொரு தடவை ஏறியிருக்கிறாள்.

ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்திருக்கிறாள். குரல் போய்விட்டது. ஐவி மண்டியிட்டுக் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். போர்த்தும்போதுதான் பார்த்தாள், கணப்பும் அடுப்புக் கம்பியும் கிழவியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அந்தத் தெருவில் ஆபத்தென்றால் கணப்பின் பின்சுவரில் கம்பியால் தட்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டோரா இருந்தாள். தட்டியிருந்தால் பாதி உடுப்போடு ஓடி வந்திருப்பாள்.

"ஏன் தட்டல? டோரா வந்திருப்பாளே."

எல்லனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் ஐவிக்குச் சத்தம் தேவையில்லை.

"சாம்பல பாத்திருப்பா."

ஐவி தன் வாயால் சொன்ன யோசனைதானே இது. "நான் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன்" என்று எழுந்தவளின் பச்சை ஏப்ரனை அந்தச் சில்லிட்ட விரல்கள் பிடித்துக்கொண்டன.

"கண்ணு. எனக்கு ஒரு உதவி பண்ணு." அந்தச் சொல் அந்த உதடுகளில் வந்து ஐவி பார்த்ததில்லை. "அவங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்ணிடு."

"அதெல்லாம் அப்புறம், மிசஸ் ஹேவர்த்..."

"உதவி, ஐவி."

அறிவுள்ளவள் எவளும் முதலில் தெருமுனை டெலிபோன் பெட்டிக்குத்தான் ஓடியிருப்பாள். ஐவி அறிவில்லாதவள் அல்ல. ஆனால் அவள் சாம்பலை அள்ளினாள். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். வலைத்திரையை அலசிப் பிழிந்து ஈரத்தோடு கம்பியில் கோர்த்து மாட்டினாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது, ஆனாலும் ஒரு மடிப்புக்கூடக் கோணாமல் இழுத்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் வேலை செய்தது அந்த ஒரு நாள்தான். எல்லன் தரையில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையைக் கண்ணால் காட்டினாள். ஐவி அதையும் துடைத்துவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லன் போய்விட்டாள். மேலே போகாமலே போனாள் என்று ஐவி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த ஆறுதல் ஒட்டவில்லை. திரை மாட்டிய நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்திருந்தால் என்ற நினைப்பு அவளைக் கடித்துக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து டோரா வீட்டில் டீ கொடுத்தார்கள். பன்றித் தொடைக்கறியும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் நல்ல கறுப்பு உடுப்பில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அவள மாதிரி ஒருத்திய பாக்க முடியுமா?" என்றாள் டோரா. "வண்டியில தூக்கிட்டுப் போறப்போ எட்டிப் பாத்தேன். ஒரு தூசி இல்ல. திரைகூட அப்பதான் தோச்சுப் போட்டிருந்தா. அந்த வயசுல! ஒருத்தர்கிட்டயும் உதவின்னு போய் நின்னதில்ல." பிறகு ஐவி பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. "நீ அடிக்கடி வருவியே ஐவி. அது சும்மா பழக்கத்துலதானே?"

எல்லாரும் ஐவியைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் ஐவி. "டீ குடிக்கத்தான் வருவேன். என்னைய ஒரு துணியத் தொட விடமாட்டாங்க."

பெண்கள் பெருமையோடு தலையாட்டிக்கொண்டார்கள். ஐவி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள்.