எல்லாருக்கும் தெரிந்த அருந்ததி

தம்பியின் கல்யாணம் தேனியில் ஒரு மண்டபத்தில் வைகாசியில் நடந்தது. பட்டப்பகல் வெயிலில் ஐயர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலுக்குக் கூட்டி வந்து, வடக்கே கை நீட்டி, "அருந்ததி தெரியுதா?" என்று கேட்டார். தம்பி தெரிகிறது என்றான். வீடியோக்காரர் கேட்டதற்காக இன்னொரு முறையும் தெரிகிறது என்றான். பள்ளியில் இயற்பியல் நடத்துகிற நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சில நாள் கழித்து அவன் மனைவியே கேட்டாள். "மதினி, நெசமாவே அப்படி ஒரு நட்சத்திரம் இருக்கா?"

அன்று பொழுது சாய்ந்து இருட்டியதும் பழனிசெட்டிபட்டி வீட்டு மொட்டை மாடிக்கு எல்லாரையும் ஏற்றினேன். அம்மா கையில் கரண்டியோடு வந்தார். தாய்மாமா நாற்காலி கேட்டார். எதிர்வீட்டு விளக்கு முகத்தில் அடித்தது. இறங்கிப் போய்க் கெஞ்சி அதை அணைக்க வைத்துவிட்டு வந்தால் மேகம் மூடியிருந்தது. மேகம் விலகியபோது எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கண் எப்படி இருட்டுக்குப் பழகும்?

கொடைக்கானல் மலைக்கு மேலே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினேன். வால் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. வெறுங்கண்ணுக்குத் தெரியும், ஆனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

"தெரியுது," என்றார் அம்மா, கிழக்கே பார்த்துக்கொண்டு.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "அருந்ததியும் தனியா இல்ல. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சிவப்பு நட்சத்திரம் ஒண்ணு கூடவே இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துது," என்றேன்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன தாயி பேசுற? அருந்ததி கூட இன்னொருத்தனா? புதுசாக் கல்யாணமான பிள்ளைகள வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

"வசிஷ்டரும் ஒருத்தர் இல்ல மாமா. டெலஸ்கோப்ல ரெண்டாத் தெரியும். அந்த ரெண்டுல ஒவ்வொண்ணும் ஒரு சோடி. ஆக நாலு."

"சம்பந்தி வீட்டாளுக கேட்டா என்ன நினைப்பாக?" என்றார் அம்மா.

ஈர்ப்புவிசை என்றேன். யார் காதிலும் விழவில்லை. நட்சத்திரங்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருக்கையில் தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள். "தெரியுது மதினி. பெருசுக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழ."

உண்மையாகவே பார்த்தவள் அவள் ஒருத்திதான். தம்பியிடம் திரும்பினேன்.

"உனக்கு?"

"தெரியுது."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"நல்லாப் பாரு."

"அக்கா, அங்கன என்னமோ புகை மாதிரி இருக்குல்ல, அதுதான? விடேன்."

கம்பத்திலிருந்து திராட்சை ஏற்றிக்கொண்டு விடியுமுன் குமுளி மலைப்பாதையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் அவன்.

மறுநாளே கண் டாக்டரிடம் போ என்றேன். "நான் ரோட்டுலதான வண்டி ஓட்டுறேன், வானத்துலயா?" என்றான். கண்ணாடி போட்டால் வயசாளி மாதிரி இருக்கும் என்றார் அம்மா. அருந்ததியைக் கேவலமாகப் பேசியவள் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும் என்றார் மாமா. ஒரு வாரம் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு தேவதானப்பட்டியில் அவன் மாமனார் வீட்டில் விருந்து. வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி ஏறவில்லை.

"நீங்க கண்ணக் காட்டுற வரைக்கும் நான் பஸ்ல வாறேன்."

சொன்னபடியே பட்டுச் சேலையோடு பஸ் ஏறிவிட்டாள். இவன் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். புதுப்பெண் தனியாக வந்து இறங்கியதும் அவள் தெருவே கூடிவிட்டது. விஷயம் தெரிந்ததும் மாமனார் அடுத்த நாள் காலையில் அவனைப் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, பல வருஷமாக இருந்திருக்கும் என்றாராம் டாக்டர். இத்தனை நாள் வண்டி எப்படி ஓட்டினீர்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டதைத் தம்பி என்னிடம் பாராட்டு வாங்கியவனைப் போலச் சொன்னான்.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறான். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க மாமனாரு ஒரே பார்வையில கண்டுபிடிச்சாக," என்கிறான். அம்மாவும் அதற்குத் தலையாட்டுகிறார். புதுப்பெண்ணைப் பஸ்ஸில் அனுப்பிய பழி மட்டும் இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது.