திருத்தணியில் யாழ் கேட்கப் போன ஞாயிறு

வெயிலுக்குப் பேர்போன திருத்தணிக்கு மே மாதத்தில் யாராவது கச்சேரி கேட்கப் போவார்களா? நான் போனேன். சங்ககாலக் காதல் பாடல்களை, பழைய கோயில் சிற்பத்தைப் பார்த்துச் செய்த யாழில் தானே மீட்டிப் பாடுகிறவள் என் மனைவி. பிரிந்து இரண்டு வருடம். விவாகரத்துத் தாள் அப்போதும் என் மேசையில்தான் கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வரச் சொல்லிக் கேட்பதா, கையெழுத்துப் போடுவதா என்று முடிவு செய்யலாம் என்றிருந்தேன். அந்தப் பாடல்களில் காதலர் பெயரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. நானும் இங்கே அவள் பெயரைச் சொல்லவில்லை.

சென்னை சென்ட்ரலில் 12.10க்கு மின்சார ரயில். அரக்கோணத்தில் பெட்டி காலியாகிவிட்டது; அதன்பிறகு எனக்கு நானே துணை. திருத்தணியில் இறங்கும்போது மணி 2.30. கச்சேரி நடக்கும் கல்யாண மண்டபம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ 60 ரூபாய்.

"மண்டபத்துலயா? யாருக்குங்க கல்யாணம்?" என்றார் ஓட்டுநர்.

"கல்யாணம் இல்லைங்க, கச்சேரி. பழைய காதல் பாட்டு."

"ஆங், காலைல பேனர் கட்டிக்கினு இருந்தாங்க. லவ் பாட்டுக்குத் தனியாவா வந்தீங்க சார்?"

கேட்டாரே ஒரு கேள்வி! சிரித்து வைத்தேன்.

நான்கு மணிக்குத் தொடங்கினாள். யாழுக்கு ஆட்டுக் குடலில் திரித்த நரம்புதான் தந்தி. காற்றுப் பட்டால் சுருதி இறங்கிவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் முப்பது பேர். அரைமணியில் பாதிப்பேர் விசிறி தேடி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாட்டில் ஆழ்ந்துவிட்டால் எந்த நரம்பு இறங்கியது என்று அவளுக்குப் பிடிபடாது. அதற்குத்தான் நான் இருந்தேன். முன்வரிசை மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனையாவது நரம்போ அத்தனை விரலை முழங்காலில் வைத்துக் காட்டுவேன். பதினோரு வருடம் எங்கள் கச்சேரிகள் அப்படித்தான் நடந்தன. அன்றைக்கோ வாசலிலேயே தைரியம் போய்விட்டது. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது பாட்டு, வருகிறேன் என்று சொல்லிப் போனவன் வராததைப் பற்றியது. நடுவில் நான்காவது நரம்பு இறங்கியது. அவள் பாடிக்கொண்டே முன்வரிசை மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள். அதில் யாரோ பை வைத்திருந்தார்கள். என் கை தானாக நான்கு விரலோடு உயர்ந்தது, தூண் மறைத்துவிட்டது. ஒவ்வொரு நரம்பாகத் தொட்டுப் பார்த்து, நான்காவதைத் தானே கண்டுபிடித்து, ஆணியைத் திருகிச் சுருதி சேர்த்தாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

எழுந்து போய் அந்தப் பையை எடுத்துக் கீழே வைத்திருக்கலாம். இருபது அடி தூரம். எனக்கு அழுகை வந்தது, வெளியே வந்துவிட்டேன்.

"இன்னா சார், பாதியிலயே வந்துட்டீங்க? புழுக்கமா?" என்றார் அதே ஓட்டுநர்.

"ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். அவளாகத் திருகிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். ஆனால் முதலில் அவள் பார்த்தது அந்த நாற்காலியைத்தான். தாளைத் தபாலில் போட்ட பிறகுதான் அது உறைத்தது.

போகிறவர்களுக்கு: மே மாதம் வேண்டாம், கார்த்திகைக்குப் பிறகு போங்கள். தண்ணீரும் கைவிசிறியும் அவசியம். முன்வரிசையில் உட்காருங்கள். நாற்காலியில் பை இருந்தால், எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள்.