ஆறாவது கிளாஸ்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடி அலுவலகமொன்றில் நிஷாந்தினிக்கு வேலை. பகலில் ஹோட்டல்களுக்கு இணையத்தளம் செய்வாள். மிச்ச நேரமெல்லாம் மழைக்கு.

அந்த மழை வேலையில் சம்பளம் கிடையாது. தோட்டங்களில் மழை அளப்பவர்கள் அளவைத் தொலைபேசியில் அனுப்புவார்கள். ஒரே நாளில் நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால், மலையடியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் எல்லாருக்கும் “வெளியேறுங்கள்” என்று மென்பொருள் தானாகவே செய்தி அனுப்பும். அதன் நிரல் திறந்து கிடந்தது. உலகத்தில் யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். பொறுப்பு மூன்று பேருக்கு: நிஷாந்தினி, பேராதனையில் படிக்கும் யாழ்ப்பாணத்து ஆரணன், திகனவில் போன் கடை வைத்திருக்கும் ஷிராஸ்.

வருகிற திருத்தங்களை எந்தக் கருவி சரிபார்ப்பது என்பதில் மூவருக்கும் இரண்டு வாரம் இழுபறி. சோதனைகளில் தேறினால் திருத்தம் தானாக உள்ளே போகிற கருவிதான் வேண்டும் என்றான் ஆரணன். “கண்ணால பாக்க ஒரு ஆள் ஈக்கோணும்” என்று ஷிராஸ் விடவில்லை. நேரமில்லாத நிஷாந்தினி ஆரணன் பக்கம் சாய்ந்தாள். யாரும் அவசரப்பட்டு எதையும் உடைத்துவிடக் கூடாதென்று, சோதனையைத் தாண்டிப் போகும் குறுக்குவழியையும் அவளே அடைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்டியில் எதிர்க் கட்டடம் தெரியாத மழை. திரையைப் பார்த்தாள். திகன தொண்ணூறு. பன்வில இருபத்தைந்து.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா பாலம்மா இருப்பது பன்வில மலைத் தோட்டத்தில், மண்மேட்டுக்கு நேர் கீழே இருக்கிற லயத்தில். பிறகுதான் உறைத்தது. திகனவில் இப்படிக் கொட்டும்போது மேலே பன்விலவில் அதைவிடக் குறைவாகப் பெய்து அவள் பார்த்ததேயில்லை.

அம்மாவைக் கூப்பிட்டாள். வாசலில் சேற்றுத்தண்ணீர் ஓடுகிறதாம். கோழிகளைக் கட்டிலில் ஏற்றியிருக்கிறாளாம்.

“ஸ்கூலுக்குப் போயிரும்மா.”

“மெசேஜ் வரலையே. வந்தா போறோம். நீதானே செஞ்ச, ஒனக்கே நம்பிக்கை இல்லையா?”

அடுத்து தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காளிமுத்துவைக் கூப்பிட்டாள். மழை அளப்பது அவர்தான். அளவு கிளாஸ் இருபத்தைந்து மில்லிமீட்டரோடு நிரம்பிவிடும். நிரம்பினால் கொட்டிவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு செய்தி அனுப்புவது அவர் வழக்கம்.

“ஆறு கிளாஸ் அனுப்பிட்டேன் பிள்ள. ஒங்க மிசின் என்ன தூங்குதா?”

ஆறு கிளாஸ் என்றால் நூற்றைம்பது.

போன வாரம் முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய திருத்தம் ஞாபகம் வந்தது. ஒரே எண்ணிலிருந்து ஒரே அளவு திரும்ப வந்தால், தவறுதலாக இரண்டு முறை அனுப்பியதென்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். எல்லாச் சோதனையிலும் பச்சை விழுந்து, தானாக உள்ளே போய்விட்டது. சோதனைகளை எழுதியவள் நிஷாந்தினி. அவற்றில் எந்தக் காளிமுத்துவும் இரண்டாவது கிளாஸைப் பிடிக்கவில்லை.

“மாமா, கோயில் மைக்கைப் போடுங்க. எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்புங்க. மெசேஜுக்குக் காத்திருக்க வேணாம்.”

அவர் போனை வைத்தார். அவள் அந்தத் திருத்தத்தை நீக்கினாள். கருவி அசையவில்லை. நீக்குவதற்கும் முழுச் சோதனை முடிய வேண்டும், பதினொரு நிமிடம். அவள் அடைத்த குறுக்குவழி அடைத்தபடியே இருந்தது. மஞ்சள் வட்டம் சுற்றியது. அம்மாவின் போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பாரில்லை. எட்டாவது நிமிடத்தில் காளிமுத்துவைக் கூப்பிட்டாள், அவர் போன் அடிக்கவேயில்லை. 

பச்சை விழுந்தது. இரண்டு நிமிடம் கழித்து அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல், கோழிச் சத்தம்.

“ஸ்கூல்லதான் இருக்கோம். இப்பத்தான் ஒன் மெசேஜ் வந்திச்சி, வெளியேறச் சொல்லி. இங்கேருந்தும் போகணுமா?”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நிஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. “வேணாம்மா, அங்கேயே இருங்க” என்றாள்.

அன்று மண்மேடு சரியவில்லை. சும்மா ஓட வைத்துவிட்டாளென்று இரண்டு நாள் லயத்தில் கேலி பேசினார்கள். மூன்றாம் நாள் மேட்டின் உச்சியில், கை நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பைக் கண்டார்கள். கேலி நின்றது.

மூவரும் மறுபடி பேசினார்கள். இம்முறை ஷிராஸ் கேட்ட கருவிதான், ஆள் சம்மதிக்காமல் எதுவும் உள்ளே போகாது. சம்மதிக்க வேண்டியவர்களில் காளிமுத்துவையும் சேர்க்க வேண்டுமென்றாள் நிஷாந்தினி.

“அவருக்கு நிரல் விளங்காதே அக்கா” என்றான் ஆரணன்.

“நமக்குக் கிளாஸ் விளங்கல. என்ன மாத்துறோம்னு தமிழ்ல எழுதி அவருக்கு அனுப்புவோம்.”

ஒரு திருத்தம் ஒன்பது நாளாக அவருக்காகக் காத்துக் கிடக்கிறது. ஆரணன் முணுமுணுக்கிறான். நிஷாந்தினி அவரை அவசரப்படுத்துவதில்லை. மழை தொடங்கினால் அவள் திரையைப் பார்ப்பது பிறகுதான். முதலில் பன்விலவுக்குப் போன் போட்டு, எத்தனை கிளாஸ் என்று கேட்கிறாள்.