என் பிடரியில் கை வைத்தவர்

எங்கள் திருவொற்றியூர் பம்ப் ஹவுஸில் ஒரு மோட்டார் எரிந்துபோனது. நான் பணியிடத்தில் இல்லாததுதான் காரணம் என்று எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. வேலையே போகலாம் என்றார்கள். விசாரணையில் என் பக்கம் உட்கார, எங்கள் இலாகாவில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரைச் சங்கத்திலிருந்து அனுப்பினார்கள். எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையை மட்டும் இன்னும் விடவில்லை. பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார்.

விசாரணை அதிகாரி பேசப் பேச, நான் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "அப்போ நீங்க பம்ப் ஹவுஸ்ல இல்ல, அப்படித்தானே?" என்றார். அதற்கும் ஆட்டிவிட்டேன்.

"ஒப்புக்கொண்டார்னு அடிம்மா" என்றார் தட்டச்சு செய்த பெண்ணிடம்.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றினார். என் பிடரியை அழுத்திப் பிடித்தார். "சார், தல தான் ஆடுச்சு, பதில் வரல. இன்னா நைனா, பூம்பூம் மாடா நீ? வாயத் தொறந்து சொல்லு."

"உள்ளதான் சார் இருந்தேன். புகை வந்ததும் மெயினை அணைக்க ஓடினேன்" என்றேன். ஓர் அதிகாரியை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

வெளியே டீ குடிக்கும்போது, "நான் சொன்னத நீங்க நம்புறீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு எனக்கு? நீ சொல்லணும், அவங்க எழுதணும். அதுக்குத்தான் வந்தேன்" என்று பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

ஓர் ஊதிய உயர்வு போனது, வேலை தப்பியது. அவர் என்னை நம்பினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நம்பாமலே வந்து உட்கார்ந்திருந்தார் என்றால், அதுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.