சிவப்பு டேக் போட்ட கருப்பு ஒயர்கள்

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஓசூரைத் தாண்டும் நெடுஞ்சாலையில் வழக்கம்போல எல்லா வண்டிகளும் நின்றுகிடந்தன. பக்கத்தில் ஒரு லாரி. அதன் முதுகில், எங்கோ உருண்டு கூரை நசுங்கிப்போன ஒரு சின்னக் கார். கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை, கதவுகள் கயிற்றில் தொங்கின. ஆனால் நான்கு இண்டிகேட்டர்களும் டிக், டிக், டிக் என்று சீராக மின்னிக்கொண்டிருந்தன. விபத்து நடந்ததும் யாரோ தட்டிவிட்ட சுவிட்ச். அணைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "அண்ணா, வண்டிய நிறுத்துங்க!"

"நிக்கிற வண்டிய இன்னும் எப்பிடிப்பா நிறுத்தறது?" என்றார் டிரைவர்.

குதித்து இறங்கி லாரிக்காரரிடம் ஓடினேன். அந்தக் கார் எங்கே போகிறது, யாருடையது, விற்பார்களா என்று ஒரே மூச்சில் கேட்டேன். அன்று ஷிஃப்டுக்குப் போகவில்லை.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நானும் என் அறைத்தோழனும் ஆறு மாதமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டிருந்தோம். இரண்டு சீட், கூரை கிடையாது, இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையின் தரப்பிரிவில் பயிற்சியில் இருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அவன், உலோகத்தில் பெயிண்ட் பொடி தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை இரும்புக் குழாயில் நாங்களே வெல்டிங் செய்தோம். பாடியை ஃபைபரில் நாங்களே வார்த்தோம். ஆனால் ஒயரிங் என்று பேச்செடுத்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த வரைபடங்கள் ஒரு கட்டு இருந்தன. அவற்றைப் பிரித்தாலே தூக்கம் வரும்.

இப்போது லாரியின் மேல் ஒரு முழு ஒயரிங், உயிரோடு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது! புதிதாக எதற்குச் செய்ய வேண்டும்? இன்ஜினோடு சேர்த்து அப்படியே உருவிக்கொள்ளலாமே!

கார் எங்கள் கைக்கு வந்தது. அதைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, ஒயர் கட்டை வெளியே இழுத்துத் தரையில் போட்டோம். ஒரு அவரைக் கொடியைப் பந்தலோடு பிடுங்கிப் போட்டதுபோலக் கிடந்தது. எது வேர், எது நுனி என்றே தெரியவில்லை.

எங்கள் ஷெட், ஒரு டயர் கடையின் பின்புறம் இருந்தது. கடைக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், திட்டும்போது தெலுங்கு. அன்று அவர் வந்து கொடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தம்பி, ஆயுத பூஜை முடிஞ்சதும் இந்த ஷெட்டுக்கு லேத்துக்காரர் வராரு. வாக்கு குடுத்தாச்சு. அதுக்குள்ள உங்க வண்டி தானா ஓடிவந்து என் கடை முன்னாடி நின்னுச்சுன்னா, முன்பக்கம் ஓரமா இடம் தரேன். இல்லன்னா பழைய இரும்புக்காரருக்கு நானே ஃபோன் போடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"தள்ளிக்கினு வந்தா மாமா?"

"தள்ளிக்கினு வந்தா அது தள்ளுவண்டி."

வேறு இடம் எங்களுக்குக் கிடையாது. இருந்தது ஒற்றை அறை, மாடிப்படிக்குக் கீழே. பூஜைக்கு ஐந்து வாரம் பாக்கி. வண்டி ஓட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் எடைக்குப் போகும். கணக்கு அவ்வளவு எளிது.

எங்கள் லைன் வீட்டு மாடியில் ஒரு அக்கா இருந்தாள். அவள் ஊர் அஞ்செட்டிக்கும் அந்தப் பக்கம் காட்டோரக் கிராமம். எங்களைவிட மூன்று வயதுதான் பெரியவள். கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் தொழிற்சாலையில் டேப் சுற்றும் வேலை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், அடுத்த ஞாயிறே ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாடா இது, சலூன்ல கூட்டித் தள்ளின மாதிரி இருக்கு? தரையில போட்டா யாராச்சும் ஒயர் வேலை செய்வாங்களா? பலகை கொண்டாங்க. ஆணி கொண்டாங்க."

அவர்கள் தொழிற்சாலையில் அப்படித்தான். ஒரு பெரிய பலகையில் முழு அளவில் படம் வரைந்து, வளைவுக்கு வளைவு ஆணி அடித்து, அதன்மேல் ஒயரை ஓட்டுவார்கள். இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்து எங்கள் காரை அதில் சாக்பீஸால் வரைந்தோம். முன்விளக்கு இங்கே, டாஷ்போர்டு இங்கே. பழைய காரில் இன்ஜின் முன்னால், எங்கள் காரில் பின்னால். ஆக, இன்ஜினுக்குப் போகும் ஒயர் ஒவ்வொன்றும் திரும்பி நடந்து, ஆறடி நீண்டாக வேண்டும். வெட்டி, அதே நிறத்தில் ஒட்டுப்போட்டு, சாலிடர் வைத்து, டேப் சுற்ற வேண்டும்.

அக்கா டேப் சுற்றுவதைப் பார்த்திருக்க வேண்டும்! ரோல் அவள் விரலில் சுழலும், கண் எங்கள்மேல் இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும்.

"மூணு வருசமா சுத்தறேன்டா. நான் சுத்தினதுல ஒரு லைட்டாவது எரியறதக் கண்ணால பாத்ததில்ல. பெட்டியில போட்டு அனுப்பிடறாங்க. இதுலயாவது எரிய வெச்சுக் காட்டுங்க."

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. தேவையில்லாத பொருள் எதுவும் வேலையிடத்தில் இருக்கக் கூடாது. சந்தேகமானதில் சிவப்பு டேக் கட்டி, காரணம் எழுதி, தேதி போட்டு ஒதுக்கிவிட வேண்டும். எனக்கு அது ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒரு கட்டு சிவப்பு டேக்கோடு பலகைமுன் நின்றேன். ரேடியோ: தேவையில்லை. கூரை விளக்கு: கூரையே இல்லை. பின்கண்ணாடி சூடாக்கி: கண்ணாடியே இல்லை. வைப்பர்: வெயிலில் ஓட்டும் வண்டி, தேவையில்லை. அப்புறம் சில கருப்பு ஒயர்கள். அவற்றின் நுனியில் எந்தக் கருவியும் இல்லை, ஒரு வளையம் மட்டும். எங்கும் போகாத ஒயருக்கு இங்கே என்ன வேலை? டேக். வெட்டு. சாக்குக்குள் போடு. கட்டு பாதியாக மெலிந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாததுதான் குறை.

பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி பேட்டரியை மாட்டினோம். அக்கா ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து நின்றாள். இடது இண்டிகேட்டரைப் போட்டேன். பிரேக் விளக்கு மங்கலாக மின்னியது. பிரேக்கை மிதித்தேன். இரண்டு இண்டிகேட்டரும் வெட்கப்பட்டதுபோல லேசாகச் சிவந்தன. ஹார்ன் அழுத்தினால் கொசு ரீங்காரம்.

"மாப்ள, வண்டிக்குக் காய்ச்சல்டா" என்றான் நண்பன்.

"விளக்கு கிடக்கட்டும். இன்ஜின் ஓடுனா போதும்." சாவியைத் திருப்பினேன்.

டக். அவ்வளவுதான் சத்தம். இன்னொரு முறை திருப்பிப் பிடித்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது! ஆக்ஸிலரேட்டர் கேபிள். பெட்ரோலும் இல்லாத, மின்சாரமும் ஓடாத வெறும் கம்பி. அதன் மேலுறை உருகிச் சொட்டியது. நண்பன் பாய்ந்து பேட்டரி முனையைப் பிடுங்கி எறிந்தான்.

மூவரும் அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒயரில் போக வேண்டிய மின்சாரம் இதில் ஏன் போயிற்று? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரும்புக்காரரின் தராசுதான் கண்முன் வந்தது.

அக்கா பலகை பக்கம் போனாள். விரலால் எதையோ எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ரிங் எங்கடா?"

"எந்த ரிங்?"

"எங்க லைன்ல ஒரு கட்டுக்கு ஏழு ரிங் வரும். கருப்பு ஒயர் நுனியில. ஒண்ணு கொறஞ்சாலும் சூப்பர்வைசர் திருப்பி அடிச்சிடுவாரு. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஏழு இருக்கும். உன் பலகையில ஒண்ணுகூட இல்ல."

எனக்குக் காது சூடானது. ஏனென்றால் அது எதற்கு என்று எனக்குத் தெரியும்! போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. பழைய கார் முழுக்க இரும்பு. வளையத்தை எங்கே முடுக்கினாலும் பாடியே திரும்பும் பாதையாக இருக்கும். எங்களுடையது ஃபைபர் பாடி. இன்ஜின் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை பெடல் தாங்கியில் முடுக்கியிருந்தோம். வீட்டுக்குப் போக வழியில்லாத மின்சாரம், இன்ஜினையும் பெடலையும் இணைத்த ஒரே கம்பியில் ஏறி ஓடியிருக்கிறது. எங்கும் போகாத ஒயர் என்று நான் வெட்டினேனே, அதுதான் எல்லாம் திரும்பிப் போகும் ஒயர்.

"அப்ப தேவையில்லாததுன்னு டேக் கட்ட வேண்டியது யாருக்கு?" என்றான் நண்பன், ஒரு சிவப்பு டேக்கை என் சட்டைப் பொத்தானில் மாட்டியபடி.

சாக்கைக் கிளறினோம். ஏழு கருப்பு ஒயர்களும் திரும்பின. இன்ஜினிலிருந்து தடிமனான ஒரு பட்டையையும், பெடலிலிருந்து கழற்றிய பேட்டரி ஒயரையும் அதே ரிங்குகளோடு சேர்த்து சேஸிஸில் முடுக்கினோம். புதுக் கேபிள் வாங்கி மாட்டுவதற்குள் பூஜை நாள் காலை வந்துவிட்டது. கடைமுன் வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. டயர்களுக்கெல்லாம் சந்தனம். மாமா கையில் பூசணிக்காயோடு பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஆயித்தா?"

"ஆயிடும் மாமா!"

சாவியைத் திருப்பினேன். புகை இல்லை. டக்கும் இல்லை. ஒன்றுமே இல்லை.

சோதனை விளக்கை எடுத்து, கவ்வியை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மாட்டி, ஊசியை சேஸிஸில் வைத்தேன். எரியவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன். எரியவில்லை. நீல நிறத்தில் பளபளத்த அந்தக் குழாயில் ஊசி வழுக்கிக்கொண்டு போனது. மெதுவாக நண்பனை நிமிர்ந்து பார்த்தேன். அவனுடைய பவுடர் கோட்டிங். ஓனரிடம் கெஞ்சி, ஒரு ஞாயிறு முழுக்க அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தது. ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது அவனுக்கு.

"உன் பெயிண்ட் மின்சாரத்த உள்ள விடமாட்டேங்குது."

"பின்ன? அதானே நல்ல பெயிண்ட்டு!"

"சுரண்டணும். ஏழு எடம்."

"என் மூஞ்சிய வேணா சுரண்டுடா! எங்க பட்டறையில எர்த் போல்ட் வர்ற எடத்துக்கெல்லாம் டேப் ஒட்டி மறைச்சுட்டுத்தான் கோட்டிங் போடுவோம். ட்ராயிங்ல குறிச்சிருக்கும். நீ ட்ராயிங் குடுத்தியா? தரப்பிரிவாம்!"

ட்ராயிங் கொடுக்கவில்லைதான். கடையில் மணி அடிக்க ஆரம்பித்தது. அவன் என் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டான். "நீ தொடாத. நானே பண்றேன்." ஒரு எட்டணா நாணயம் அளவுக்கு, வட்டம் பிசகாமல், ஏழு இடத்தில் தேய்த்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அக்கா பின்னாலேயே வந்து ரிங்கை வைத்து முடுக்கினாள்.

சாவி.

இன்ஜின் ஒரு சுற்று, இரண்டு சுற்று, இருமியது, பிடித்துக்கொண்டது! ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. ஹெட்லைட் சுவரில் இரண்டு வெள்ளை வட்டம் போட்டது. இண்டிகேட்டர் டிக், டிக், டிக். லாரியின் முதுகில் கேட்ட அதே சத்தம். அக்கா குனிந்து அந்த விளக்கை உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள். விரல் இடுக்கில் மஞ்சள் வந்துவந்து போனது. "எரியுதுடா" என்றாள்.

பின்சந்தில் திரும்பி, முனையைச் சுற்றி, முதல் கியரிலேயே கடைமுன் வந்து நின்றேன். மாமா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஏத்து." நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. பின்பக்கம் கையைக் காட்டி, "ஷெட்டு லேத்துக்காரருக்கு. இந்த ஓரம் உங்களுக்கு" என்றார்.

அக்கா வண்டியைச் சுற்றி வந்தாள். "எங்க ஊர் வரைக்கும் போவுமா? பஸ்ஸ நம்பினா பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவேன்."

"ரெண்டு சீட்டுதான்க்கா."

"அப்ப ஒருத்தன் பஸ்ல வரட்டும்."

யார் பஸ்ஸில் வருவது என்று நாங்கள் சண்டையைத் தொடங்கும்போது தூறல் விழுந்தது. முன்கண்ணாடியில் முதல் துளி வழிந்தது. மூவரும் கண்ணாடியைப் பார்த்தோம், பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வைப்பர் ஒயர் சாக்கின் அடியில் கிடந்தது. நீல ஒயரும் மஞ்சள் ஒயரும் சுருட்டி, என் கையெழுத்தில் "தேவையில்லை" என்று தேதியோடு ஒரு சிவப்பு டேக். அஞ்செட்டி மலைப்பாதையில் மழையில்லாத வாரம் பார்த்துப் போகலாம் என்றான் நண்பன். எனக்கு அது பிடிக்கவில்லை. வைப்பரை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வைத்தாக வேண்டும். வண்டியைப் பதிவு செய்யும் காகித வேலை முடிந்த மறுநாள், மழை பெய்தாலும் கிளம்புவோம். பலகையை மறுபடி கீழே இறக்கினேன். டேக்கைப் பிய்த்தேன். இந்த முறை முதலில் கருப்பு ஒயருக்கு ஆணி அடித்தேன்.