மரக்கறிக் கூடையில் ஒரு சேர்வர்

நிஷாந்தி ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். சீகிரியாவில் அவள் வேலை செய்யும் ஹோட்டலின் ஸ்டோரில், கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பழைய சேர்வர் கம்ப்யூட்டர் கிடந்தது. அதையும் கூடவே ஒரு பழைய மொனிட்டரையும் இரும்பு விலைக்குக் கேட்டு வாங்கி, த்ரீவீலரில் ஏற்றித் தம்புள்ளை வாடகை அறைக்குக் கொண்டுவந்து இறக்கினாள்.

ரிசப்ஷனில் இருப்பவளுக்குச் சேர்வர் எதற்கு? கேம் விளையாடத்தான். சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

மாத்தளைப் பக்கம் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள் அவள். ஹோட்டலில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கணவன் விஜேந்திரன் தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவன். ஸ்டியரிங் கையில் இருந்தால் அவன் வாய் ஓயாது. போகிற வழியெல்லாம் போனில் அவளுக்குக் கதைதான். பிறகு சம்பாதிக்கக் கட்டாருக்குப் போனான். அங்கே அவனுக்குக் கிடைத்ததோ கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. போன வருஷம் அவன் அப்பா செத்தபோது லீவு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பேச்சு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"ஒடம்பு எப்படி?"

"ம்."

அந்த 'ம்'மைக் கேட்கக் கேட்க, இந்த மனுஷன் உள்ளுக்குள்ளேயே புழுங்கி ஏதாவது ஆகிவிடுவானோ என்று பயந்தாள்.

ஒரே ஒரு நாள் மட்டும் முழுசாக நாலு வார்த்தை வந்தது. அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் பழைய லெப்டொப் ஒன்றில் லொறி ஓட்டும் கேம் விளையாடுகிறானாம். "ரெண்டு பேரு சேந்தும் ஓட்டலாம் புள்ள. ஒன்னோட போன்ல அது ஓடாது," என்றான். அவளுக்கு அது போதும்.

புதுக் கம்ப்யூட்டர் விலை கேட்டால் காது அடைக்கும். சேர்வருக்கோ மூளை பெரிது, படம் காட்டத்தான் வக்கில்லை. கலேவெலவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஸியாமிடம் பழைய கிராபிக்ஸ் கார்ட் கேட்டுப் போனாள்.

"தங்கச்சி, யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அலையிறீங்களே!" என்று ஸியாம் தலையில் கைவைத்தார். "கார்டுக்குக் கரண்ட் குடுக்க அதுல வயரே இல்லையே."

"தனியா கரண்ட் கேக்காத சின்னக் கார்டா ஒண்ணு தாங்க ஸியாம் நானா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

கார்ட் கிடைத்தது, ஆனால் மூடி மூடவில்லை. சேர்வரோ தட்டை, கார்டோ உயரம். அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? மூடியைக் கழற்றிப் போட்டாள். சந்தையில் மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை ஒன்றின் ஒரு பக்கத்தை அறுத்து, மொத்தத்தையும் அதற்குள் இறக்கிக் கட்டினாள். சுற்றிலும் ஓட்டை, காற்றுக்குப் பஞ்சமில்லை. அடி கெட்டிக்காரி!

பட்டனை அமுக்கியதும், ஐயையோ, உள்ளே இருந்த குட்டி விசிறிகள் நெல்லு மில் மாதிரி இரைந்தன. இந்தச் சத்தத்தில் அவன் 'ம்' என்றால்கூடக் கேட்காது, பிறகு எதற்கு இந்தப் பாடு? விசிறியைக் கழற்றினால் சேர்வர் எழும்ப மாட்டேன் என்றது. ஹோட்டலில் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் தேடினாள். விசிறி வேகத்தைக் குறைக்கும் வழி சேர்வருக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அதை அளவுக்கு மீறிக் குறைத்ததில் இரண்டு தரம் சூடேறி அணைந்துபோனது. அடுத்த தரம் சத்தம் மெல்ல இறங்கி, பக்கத்து வீட்டு ரேடியோ காதில் விழுந்தது. நிஷாந்தி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேசை விசிறியைக் கூடைக்கு முன்னால் வைத்தாள். புது லொறிக்கு வைப்பதுபோல் கீழே ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தாள். பிறகு போனைப் போட்டாள்.

"என்னங்க, கேமுக்குள்ள வாங்க. நானும் வந்திருக்கேன்."

"நீயா? எப்படி?"

திரையில் தூரத்தில் அவன் லொறி எதிரே வந்தது. சந்தோஷத்தில் அவள் தன் லொறியை நம்மூர்ப் பழக்கத்தில் இடப்பக்கமாகவே விரட்டினாள். கேமில் வரும் ஊரிலோ எல்லோரும் வலப்பக்கம். நேருக்கு நேர், டமார்!

முதல் நாளே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே என்று அவள் லொறியைப் பின்னால் எடுக்கப் பதறினாள். அப்போதுதான் போனில் அந்தச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பழைய சிரிப்பு.

"அடியே, யாருடி ஒனக்கு லைசன் குடுத்தது? இங்க வலப்பக்கம் போவணும்!"

"எனக்கு நம்ம ரோட்டுதாங்க தெரியும்."

சிரிப்பு நின்று மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்பா இருந்தா இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு புள்ள," என்றான். அவர் செத்த பிறகு அப்பா என்ற வார்த்தை அவன் வாயில் வந்தது அன்றைக்குத்தான். "சரி, நீ மாறாத. நான் லொறியத் திருப்பிக்கிட்டு ஒன் பக்கம் வர்றேன். பின்னாலயே வா."

இரண்டு லொறிகளும் இடப்பக்கமாகவே போயின. எதிரே வந்ததெல்லாம் ஹோர்ன் அடித்துத் திட்டியது. விஜேந்திரன் காதில் வாங்கவே இல்லை. "கலேவெல தாண்டினதும் ஒரு வளைவு வருமே, இதுவும் அது மாதிரிதான், ஸ்லோ பண்ணு. அங்க ஒருக்கா அப்பாவையும் ஏத்திக்கிட்டுப் போனேன், என்னா நடந்திச்சி தெரியுமா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை.

நிஷாந்தி 'ம்' மட்டும் சொல்லிக்கொண்டு பின்னால் ஓட்டினாள்.