கண்ணு தொறக்காத மாமியாரும் நான் போட்ட ஸ்டோரியும்

இன்னைக்கு ஒரு அக்காவோட வேலைக்கே உலை வச்சுட்டேன் மக்களே!

சிவகாசியில ஒரு குட்டி டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ்ல நான் இன்டர்ன். (இன்டர்ன்னா சேர் இழுத்துப் போடணும், டீ வாங்கணும், நடுவுல போஸ்ட்டும் போடணும்!)

இன்னைக்கு எங்க ஆபீஸ் சார்புல பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல ‘கிரியேட்டர்ஸ் மீட்’. நம்ம ஜில்லாவுல ரீல்ஸ் போடுற ஆளுகள்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பழகிக்கணும்னு ஏற்பாடு. ஸ்பான்சர் ஒரு பட்டாசு கம்பெனி. (எங்க ஊர்ல பட்டாசு ஆலையை ‘பட்டாசு ஆபீஸ்’னுதான் சொல்லுவாங்க.)

இன்டர்ன் நாங்க மூணு பேரு. அதுல ஒரு ஆளைத்தான் வேலைக்கு எடுப்போம்னு எங்க ஆபீஸ் மேடம் சொல்லிட்டாங்க. நான் ஓடுன ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும்!

ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல உக்காந்திருக்கேன். ஆனைக்குட்டத்துல இருந்து ஒரு அக்காவும் அவங்க மாமியாரும் வந்தாங்க. மாமியா மருமக சண்டைன்னு ரீல்ஸ் போட்டுக் கலக்குவாங்களே, அந்த ஜோடிதான். (பேரு போடல. இப்பவாச்சும் எனக்குப் புத்தி வந்துச்சே!)

வாசல்ல தொங்குன ஸ்பான்சர் பேனரைப் பாத்ததும் அக்காவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

“ஆத்தாடி! தங்கச்சி, இது நான் வேலை பாக்குற பட்டாசு ஆபீஸு! அவுக ஆளு யாரும் வந்திருக்காகளா?”

“இல்லக்கா, பேனரும் ஸ்வீட் பாக்ஸும்தான் அனுப்பியிருக்காங்க.”

“சீசன் நேரம், ஞாயித்துக்கிழமைகூட லீவு தர மாட்டாக. மாமியாவுக்கு ரொம்ப முடியல, மதுரை பெரியாஸ்பத்திரியில சேத்திருக்குன்னு போர்மேன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். என் போட்டோ மட்டும் எங்கயும் போட்ராத தங்கச்சி. வேலை போயிரும்.”

பக்கத்துல மாமியாரு, “நான்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னேன். சாகக் கெடக்கேன்னு சொன்னா எவன் லீவு தர மாட்டேம்பான்?”னு சிரிக்காங்க.

“நான் பாத்துக்கிறேன்க்கா”ன்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்!

ரெண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டாங்க. மாமியாரு மைக்கைப் பிடிச்சு மருமகளை ஏசுன ஏச்சுல மண்டபமே அதிருச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே, அக்காவை மாமியாரு கட்டிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன் பாருங்க, நான் எடுத்ததுலயே அதுதான் டாப்.

அப்பத்தான் மேடம் வந்து, “ஏன் நம்ம இன்ஸ்டா ஸ்டோரி டல்லா போகுது? நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்லையா?”ன்னு கேட்டாங்க.

அக்கா சொன்னது எனக்கு மறக்கல. மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். நல்லா ஞாபகம் இருந்துச்சு. நம்ம பேஜைப் போய் போர்மேன் எங்க பாக்கப் போறாருன்னு நெனச்சேன். மேடம் சபாஷ் போடணும், எனக்கு அம்புட்டுத்தான் தேவை.

போட்டுட்டேன்!

எங்க டெம்ப்ளேட்டுல ஸ்பான்சர் டேக் தானா வந்து ஒட்டிக்கிடும், அவங்களுக்கும் தகவல் போயிரும். அதை நான் யோசிக்கவே இல்ல. கம்பெனி பேஜ்ல எவரோ உடனே எடுத்து ஷேர் பண்ணிட்டாங்க, ‘எங்கள் விழாவில் மகிழ்ச்சி’ன்னு!

மத்தியானம் பந்தி. அக்காவும் மாமியாரும் எனக்கும் இடம் போட்டு வச்சிருந்தாங்க. “காலையில இருந்து ஓடுற, உக்காந்து சாப்பிடு பிள்ள. உன் ஐடி என்ன?”ன்னு கேட்டு என்னைய ஃபாலோ பண்ணாங்க அக்கா.

அப்ப போன் வந்துச்சு. போர்மேன். கையில சாம்பார், அதனால அக்கா ஸ்பீக்கர்ல போட்டாங்க.

“ஏம்மா, மாமியாவுக்கு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்குண்ணே. இன்னும் கண்ணு தொறக்கல.”

(மாமியாரு பக்கத்துல ரெண்டாவது ஐஸ்கிரீம்!)

“கண்ணு தொறக்காமயா பல்லு அம்புட்டும் தெரியச் சிரிக்குது? நம்ம கம்பெனி பேஜுலதான் பாக்கேன்!”

பந்தியில இருந்த எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க.

“இங்க ஆள் இல்லாம நான் முழி பிதுங்கிக் கெடக்கேன், நீ மேடையேறி ஆடுற. நாளையில இருந்து வேலைக்கு வராத.” கட்.

அதுக்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கல.

அக்கா எச்சிக் கையோட என்னைய பாத்தாங்க. “யாரு தங்கச்சி போட்டா?”

என் போன் என் மடியிலதான் இருக்கு.

“தெரியலக்கா... டீம்ல யாரோ...”

கூசாம சொன்னேன்!

அதுக்கு அக்கா ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். “விடு. நீ போட வேண்டாம்னு எம்புட்டோ சொல்லியிருப்ப. சின்னப் பிள்ள பேச்சை அவுக கேக்கவா போறாக?”ன்னுட்டாங்க!

மாமியாரு ஐஸ்கிரீமை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. “நான் சொன்ன பொய்யாலதான் இம்புட்டும்”னு மருமக கையப் பிடிச்சுக்கிட்டே வெளிய போனாங்க. தப்பு யாரு பண்ணது, பழியை யாரு ஏத்துக்கிறா பாருங்க!

ஸ்டோரியை டெலிட் பண்ணிட்டேன். கம்பெனிக்காரங்களையும் எடுக்கச் சொல்லிட்டேன். என்ன பிரயோஜனம்? மேடம்கிட்ட உண்மையைச் சொன்னேன். பட்டாசு கம்பெனி முதலாளிகிட்ட பேசிப் பாக்குறேன்னாங்க. எனக்கு வேலை கிடைக்குமான்னு இப்ப கேக்குற தைரியம் இல்ல.

அக்காவுக்கு போன் போட்டேன். அவங்க எடுத்து “சொல்லு தங்கச்சி”ன்னாங்க. உடனே கட் பண்ணிட்டேன். அம்புட்டு கேவலமா இருக்கு.

நாளைக்குக் காலையில பட்டாசு ஆபீஸ் வேன் ஆள் ஏத்த வர்ற நேரத்துக்கு ஆனைக்குட்டத்துல வந்து நிப்பேன். அக்காவையும் கூட்டிட்டுப் போய் போர்மேன்கிட்ட நானே பேசப் போறேன். ஏசுறதுன்னா என்னைய ஏசட்டும்.

இந்தப் போஸ்ட்ல யாரையும் டேக் பண்ணல. ஒரு தடவை பண்ணதே போதும்.

அவ்ளோ பெரிய நெட்வொர்க்கிங் மீட்ல எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு புது ஃபாலோயர். அது நீங்கதான்க்கா. அதனால இது உங்க கண்ணுல கண்டிப்பா படும்.

அந்த ‘டீம்ல யாரோ’ நான்தான்க்கா.